பிணைக் கையொப்பம்

முரசுமோட்டையிலிருந்து ஒரு தந்தையார் நமக்கு எழுதிய கடிதம் இவ்வாரம் நம் மேசைமீது கிடக்கிறது. இரணைமடுக் குளத்து நீரை நம்பி வயல் செய்பவர் அவர். மகளுக்குக் கொழும்பில் ஒரு கணினி நிறுவனத்தில் உத்தியோகம் கிடைத்திருக்கிறது. நியமனக் கடிதத்துடன் ஒரு பத்திரமும் வந்திருக்கிறது. மூன்று மாதப் பயிற்சி அளிக்கப்படும். இரண்டு ஆண்டு முடியுமுன் விலகினால் பயிற்சிச் செலவென ஐந்து இலட்சம் ரூபா செலுத்தவேண்டும். இருவர் பிணை நிற்கவேண்டும். “நான் கையொப்பம் வைக்கலாமோ?” என்று கேட்கிறார்.

பிணை என்ற சொல் வன்னி மக்களுக்குப் புதிதன்று. கடன்பட்டவனைக் காட்டிலும் பிணை நின்றவன் அதிகம் நித்திரை இழந்த கதை ஊருக்கு ஊர் உண்டு.

அரசாங்கமும் இவ்வாறு பிணை வாங்குவதுண்டு. சம்பளத்துடன் விடுமுறை பெற்றுக் கலாநிதிப் பட்டத்துக்காக அந்நிய நாடு செல்லும் விரிவுரையாளர், திரும்பிவந்து குறித்த காலம் பணிபுரிவதாக எழுதிக் கொடுக்கிறார். இதில் நாம் குறை காணோம். 2021 ஆகஸ்ட் 1ஆந் திகதி தனிப் பல்கலைக்கழகமாய் உயர்ந்த வவுனியாப் பல்கலைக்கழகம் போன்ற இளம் நிறுவனத்துக்கு, சென்றவர் திரும்பாவிடில் நட்டம் பணத்தோடு முடிவதில்லை. பம்பைமடுவில் பிள்ளைகள் ஆசிரியருக்காகக் காத்திருக்க நேரும்.

ஆனால் தன் அலுவலக நடைமுறைகளைப் புதியவருக்குச் சொல்லிக் கொடுப்பதும் அத்தகைய பயிற்சியாகுமா? கிளிநொச்சி அறிவியல்நகரில் 2016இல் திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தில் பெறும் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் எங்கு சென்றாலும் செல்லுபடியாகும். இம்மூன்று மாதத்தின் முடிவில் மகளின் கையில் அவ்வாறு எஞ்சுவது யாது?

உலகம் இதில் ஒருமனப்படவில்லை. சட்டப்படி அளித்தேயாகவேண்டிய பயிற்சிக்குத் தொழிலாளரிடம் காசு பெறலாகாது என ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் விதித்தது. இந்திய உச்ச நீதிமன்றமோ, மூன்றாண்டுக்கு முன் விலகினால் 2 இலட்சம் ரூபா என்ற விஜயா வங்கியின் நிபந்தனை செல்லும் என்று 2025 மே மாதம் தீர்ப்பளித்தது. நமக்கு அது உவப்பான தீர்ப்பன்று. எனினும் அதன் நியாயத்தைக் கவனிக்கவேண்டும். பொதுத்துறை வங்கி விளம்பரம் செய்து, போட்டி நடத்தியே ஆள் எடுக்கவேண்டும். விலகியவரோ உயர்ந்த சம்பளம் பெற்ற முகாமையாளர். அவருக்கு அது தாங்கமுடியாத தொகையன்று. முதன்முதல் சம்பளம் வாங்கப்போகும் பெண்ணுக்கு ஐந்து இலட்சம் எத்தனை மாத ஊதியம் என்று தந்தையார் கணக்கிட்டுப் பார்க்கட்டும்.

இன்னொன்று. “முதலில் கடனாளியிடம் அறவிடுங்கள், பின்னர் என்னிடம் வாருங்கள்” என்று சொல்லும் உரிமையை நம் நாட்டுச் சட்டம் பிணையாளிக்குத் தருகிறது. பெரும்பாலான பத்திரங்களில் அவ்வுரிமையைத் துறப்பதாக ஒரு வரி ஒளிந்திருக்கும். அதைத் தேடி வாசியுங்கள். பத்திரம் ஆங்கிலத்தில் இருப்பின் ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள்.

ஐயா, கையொப்பத்துக்கு அவசரம் வேண்டாம். ஐந்து இலட்சம் எவ்வாறு வந்தது, பணிபுரியும் ஒவ்வொரு மாதமும் அது குறையுமா, நிறுவனமே வேலையை நிறுத்தினாலும் கட்டவேண்டுமா என்று மகளைக்கொண்டு எழுத்தில் கேளுங்கள். பதில் வந்ததும் நமக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். வயல் உறுதி அதுவரை பெட்டியிலேயே இருக்கட்டும்.