மின்சாரக் கார் வரட்டும். உயிருக்குப் பந்தோபஸ்து எங்கே?

ஷிப்டு விடும் நேரத்தில் படப்பைக் கடைத்தெருவில் நின்று பார்த்தால் போதும். நாட்டின் போக்குவரத்துப் பிரச்னை முழுவதும் கண்முன்னே ஓடும். வண்டலூர் - வாலாஜாபாத் சாலையில் கண்டெய்னர் லாரிகள், கம்பெனி பஸ்கள், புதுக் கார்களைச் சுமந்து செல்லும் நீண்ட டிரெய்லர்கள்! அவற்றின் நடுவே, கார்களைச் செய்த தொழிலாளி மோட்டார் சைக்கிளில் வீடு திரும்புகிறான். சாலையைக் கடக்க வழியின்றித் தாய்மார்கள் குழந்தைகளோடு காத்து நிற்கிறார்கள்.

இப்போது மின்சாரக் கார் வந்திருக்கிறது. நம் பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் ஆலை வைத்திருக்கும் ஹூண்டாய் கம்பெனி, 2025 ஜனவரியில் மின்சாரக் கிரேட்டாவை விற்பனைக்கு விட்டது. புகை இல்லை, சத்தம் இல்லை என்கிறார்கள். நல்லது. விஞ்ஞான வளர்ச்சிக்கு நாம் விரோதிகள் அல்ல. ஆனால் மக்கள் உயிருக்கு என்ன பந்தோபஸ்து என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

இதை முதலாளிகளின் நல்லெண்ணத்திற்கு விட்டுவிடலாமா? கூடாது என்கிறது ஒரகடத்தின் அனுபவம். அங்கே தயாரான ‘டாட்சன் கோ’ காரை 2014-ம் ஆண்டில் குளோபல் என்காப் என்ற சர்வதேச அமைப்பு மோதவிட்டுச் சோதித்தது. கிடைத்த நட்சத்திரம் பூஜ்யம்! அதே ஆலையின் ‘ரெனால்ட் க்விட்’ 2016-ல் முதலில் சோதிக்கப்பட்டபோதும் பூஜ்யமே. ஆனால் 2017-ல் பிரேசில் நாட்டில் விற்பனைக்கு வந்த க்விட் காரில் நான்கு காற்றுப்பைகள் இருந்தன, உடற்கூடும் பலப்படுத்தப்பட்டிருந்தது. அங்குள்ள சோதனையில் அது மூன்று நட்சத்திரம் பெற்றது.

பிரேசில்காரன் உயிருக்கு ஒரு விலை, இந்தியன் உயிருக்கு வேறு விலையா? செய்யத் தெரியாமலா இங்கே செய்யவில்லை? சட்டம் கேட்கவில்லை, ஆகவே கொடுக்கவில்லை.

“விலை ஏறிவிடும், ஏழையால் வாங்க முடியாது” என்பது முதலாளிகளின் பழைய பல்லவி. 2019 ஜூலை முதல் ஓட்டுபவருக்குக் காற்றுப்பை கட்டாயம் என்று சட்டம் வந்தது. காற்றுப்பையோடும் க்விட் விற்கத்தானே செய்தது?

ஆனால் அதே சர்க்கார் பின்வாங்கவும் செய்தது. 2023 அக்டோபர் முதல் ஆறு காற்றுப்பைகள் கட்டாயம் என்று சொல்லிவிட்டு, அதற்கு முந்திய மாதமே அமைச்சர் கட்காரி கட்டாயமில்லை என்றார். அந்த அக்டோபரில் தொடங்கிய பாரத் என்காப் சோதனைக்கு வண்டியைக் கொடுப்பதும் கொடாததும் கம்பெனியின் இஷ்டம்!

இது காருக்குள் இருப்பவர் கதை. வெளியே இருப்பவர் கதை என்ன? மத்திய சர்க்காரின் கணக்குப்படி 2022-ல் நாட்டின் சாலைகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர். இவர்களில் 74,897 பேர் இருசக்கர வண்டிகளில் சென்றவர்கள். 32,825 பேர் நடந்து சென்றவர்கள். நூற்றுக்கு 64 பேர், எந்தக் காற்றுப்பையும் காப்பாற்றாத உழைக்கும் மக்கள்!

இவர்களுக்கு மின்சாரக் கார் புதிய ஆபத்தையும் கொண்டுவருகிறது. பாட்டரியின் பளுவால் அது அதே அளவுள்ள பெட்ரோல் காரைவிடக் கனமானது. மெதுவாக வரும்போது சத்தமே கேட்காது. கண் தெரியாதவரும் முதியவரும் என்ன செய்வார்கள்? ஐரோப்பாவில் 2021 ஜூலை முதல் எல்லாப் புதிய மின்சாரக் கார்களுக்கும் எச்சரிக்கை ஒலி கட்டாயம். இங்கோ 2025 செப்டம்பரில்தான் நகல் விதி வெளிவந்தது. அதுவும் 2026, 2027 என்று தவணை சொல்லிற்று.

ஓட்டுபவர்கள் கவனமாக ஓட்டவேண்டும் என்று அதிகாரிகள் உபதேசிக்கிறார்கள். வேண்டியதுதான். ஆனால் இரவெல்லாம் உழைத்துத் தூக்கக் கண்ணோடு திரும்புகிறவன் ஒரு நொடி தவறினால், தண்டனை மரணமா? மனிதன் தவறுவான் என்று தெரிந்தே வண்டியையும் சாலையையும் அமைக்கவேண்டும்.

மின்சாரக் காருக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம் மட்டுமே. பெற வேண்டிய வரியை மக்கள் விட்டுக்கொடுக்கிறார்கள். அப்படியானால் நிபந்தனை போடும் உரிமையும் மக்களுக்கே உண்டு. ஆகவே நாம் கோருகிறோம்:

மோதல் சோதனை ஒவ்வொரு மாடலுக்கும் கட்டாயமாக்கப்பட வேண்டும். எச்சரிக்கை ஒலி விதியைத் தாமதமின்றி அமுல் நடத்தவேண்டும். படப்பை முதல் ஒரகடம் வரை பாதசாரிகளுக்கு நடைபாதையும், விளக்குடன் கூடிய கடவைகளும் வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளர் உட்பட எல்லோருக்கும் ஷிப்டு பஸ் வேண்டும்.

யாரும் தானாகத் தரமாட்டார்கள். படப்பை மக்களும் ஆலைத் தொழிலாளரும் ஒன்றாக நின்று கேட்டால் பெறலாம்.