முன்னாடியே அவ அப்படித்தான்

“முன்னாடியே அவ அப்படித்தாங்க டாக்டர்.” தலையில் அடிபட்ட ஒரு பெண்ணின் மறுவாழ்வை இழுத்து மூட இந்த ஒரு வாக்கியம் போதும். பக்கத்துத் தெரு அக்காவுக்குத் துணையாக மருத்துவமனைக்குப் போன அன்று இதை என் காதால் கேட்டேன். சொன்னவர் அவருடைய கணவர். கெட்டவர் இல்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான்.

ஏனாத்தூர் சாலையில் ஒரு வேகத்தடையில், பைக்கின் பின்னால் ஒருபக்கமாகக் கால் போட்டு உட்கார்ந்திருந்த அக்கா மல்லாக்க விழுந்தார். ஓட்டுகிறவர் தலையில் ஹெல்மெட் இருந்தது, பின்னால் இருந்தவர் தலையில் மல்லிகைப்பூ. இருவருக்கும் ஹெல்மெட் கட்டாயம் என்றுதான் சட்டம் சொல்கிறது. உடனே அறுவை சிகிச்சை நடந்தது, பிழைத்துக்கொண்டார். சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது. அதைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. உயிரைக் காக்க ஒரு கணக்கு இருக்கிறது. அந்த உயிரை அதன் வாழ்க்கைக்குத் திருப்பிக் கொண்டுபோய்ச் சேர்க்க எந்தக் கணக்கும் இல்லை என்பதுதான் என் சண்டை.

வீட்டுக்கு வந்த அக்கா ஒரே குழம்பில் இரண்டு முறை உப்புப் போட்டார். பேச்சின் நடுவே சொல் கிடைக்காமல் நின்றார். பிள்ளைகளை அடித்தார். ஒரு மாதத்தில் தெரு தீர்ப்பு எழுதிவிட்டது: காத்து கருப்பு. கோயிலுக்கு அழைத்துப்போனார்கள். ஒரு ஆணுக்கு இது நடந்திருந்தால் ‘அடிபட்டதிலிருந்து மனுஷன் மாறிட்டார்’ என்றிருப்பார்கள். பெண்ணின் கோபத்துக்குக் காரணம் தேட யாருக்கும் தோன்றுவதில்லை. அது அவள் குணம்.

மறுபரிசோதனையில் நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார்கள். 93 சொன்னார். பிறகு விழித்தார். “எதுவரை படிச்சிருக்காங்க?” “அஞ்சாவதுங்க.” “அப்ப சரி.” அந்த ‘அப்ப சரி’யில் 17 வருடங்கள் காணாமல் போயின. கோர்வைப் புடவைக்குத் தறியில் இரண்டு பேர் வேண்டும். கணவர் உடலை நெய்ய, ஒரு கரைக்கான நாடாவை அத்தனை வருடமும் தள்ளிக்கொடுத்தவர் அக்கா. ஒரு ஊடை தவறினால் கரை காட்டிக்கொடுத்துவிடும். அந்த எண்ணிக்கை விரலை விட்டுப் போய்விட்டது. அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. என்ன வேலை என்ற இடத்தில் ‘ஹவுஸ்வைஃப்’ என்று எழுதியிருந்தது.

இழப்பை அளக்க, முன்னால் எவ்வளவு இருந்தது என்று தெரியவேண்டும். அந்த ‘முன்னால்’ என்பதைக் குறைத்து எழுதிவிட்டால் இழப்பே இல்லை. இந்தத் தந்திரம் நம்முடையது மட்டுமல்ல. அமெரிக்கக் கால்பந்து லீகில் தலையில் அடிபட்டு மூளை பாதிக்கப்பட்ட முன்னாள் வீரர்களுக்கு இழப்பீடு தர ஒரு ஒப்பந்தம் போட்டார்கள். அதில் கறுப்பின வீரர்களின் சிந்தனைத்திறன் ஆரம்பத்திலேயே குறைவு என்று வைத்துக் கணக்குப் போடும் முறை புழங்கியது. அதாவது, வெள்ளையர் வாங்கும் அதே மதிப்பெண்ணைக் கறுப்பர் வாங்கினால் அவருக்குப் பாதிப்பில்லை. கெவின் ஹென்றி, நஜே டாவன்போர்ட் என்ற இரண்டு முன்னாள் வீரர்கள் 2020இல் வழக்குப் போட்ட பிறகு, 2021இல்தான் லீக் அதைக் கைவிடுவதாகச் சொன்னது. “முன்னாடியே அவங்க அப்படித்தான்” என்பதற்கு அங்கே ஒரு சூத்திரமே இருந்தது.

நமக்கும் இருந்தது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 1994இல் சேர்த்த இரண்டாம் அட்டவணை, சம்பாதிக்காத மனைவியின் வருமானம் கணவர் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்தது. 2001இல் லதா வாத்வா வழக்கில் உச்ச நீதிமன்றம் இல்லத்தரசியின் உழைப்புக்கு மாதம் 3,000 ரூபாய் மதிப்பிட்டது. 2010இல் அருண்குமார் அகர்வால் வழக்கில் அதே நீதிமன்றம், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு சுமார் 36 கோடிப் பெண்களைப் பிச்சைக்காரர், பாலியல் தொழிலாளர், கைதிகளோடு ‘வேலை செய்யாதோர்’ பட்டியலில் சேர்த்திருப்பதைக் கண்டித்தது. (அந்தப் பட்டியலில் இருக்கும் மற்றவர்களும் உழைக்கிறார்கள் என்பது வேறு கதை.) கண்டித்தும் மருத்துவமனைத் தாளில் எழுதும் கை மாறவில்லை.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பெயர் சொல்லிப் பட்டியலிடுகிறது. தலைக்காயத்தால் வரும் மூளைப் பாதிப்புக்கு அதில் தனிப் பெயர் இல்லை. கை கால் விளங்காவிட்டால் ஒரு வகை, பேச்சுப் போனால் ஒரு வகை. கை கால் நன்றாக இருந்து, நினைவும் நிதானமும் மட்டும் போனவர் ஒவ்வொரு கதவாகத் தட்டவேண்டியதுதான். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு தேடி வந்த பெண் அக்காவின் தோளுக்குப் பயிற்சி கொடுத்தார். பொறுமையானவர். நினைவுக்கு யார் பயிற்சி கொடுப்பது? அதற்கு வாரத்துக்கு இரண்டு நாள் சென்னைக்கோ வேலூருக்கோ போகவேண்டும். கூட வருபவரின் கூலி போகும். ஊருக்கு வெளியே, பேருந்து நிற்காத காலனியில் இருப்பவருக்கு முதல் செலவே ஆட்டோதான். நோயாளியின் கோப்பில் சாதிக்கு இடம் இல்லாமல் இருக்கலாம். அடுத்த முறை சிகிச்சைக்கு யார் திரும்பி வருகிறார்கள், யார் வரவில்லை என்பதில் அது இருக்கிறது.

இதே நெடுஞ்சாலையில் மேற்கே போனால் வேலூர். 1954இல் சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். 1966இல் அங்கே மறுவாழ்வு மையம் பிறக்கக் காரணமாகவும் இருந்தார். மன உறுதி என்று பாராட்டிவிட்டுப் போய்விடுகிறோம். அவர் மருத்துவர் என்பது சுற்றியிருந்த எல்லோருக்கும் தெரிந்திருந்தது, அதனால் எதற்குத் திரும்பவேண்டும் என்பதும் தெரிந்திருந்தது. எங்கள் அக்கா எதற்குத் திரும்பவேண்டும்? சமையலறைக்கு என்றால், உப்பைச் சரியாகப் போட்டுவிட்டால் குணமாகிவிட்டதாகத் தீர்மானித்துவிடுவார்கள்.

விபத்துக்கு முன் இவர் என்னென்ன செய்தார் என்று அவரிடமே கேட்டு, அவர் சொல்லும் சொல்லிலேயே எழுதுங்கள். பேச நேரமானால் காத்திருங்கள். கணவரைப் பதில் சொல்லவிடாதீர்கள். பாவு, ஊடை, நாடா என்று எழுத ஒரு வரி இடம் போதும், அதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை.

இழப்பீட்டு மனுவுக்காக வக்கீலிடம் போனோம். நல்ல மனிதர், தறி வேலையையும் சேர்க்கலாம் என்றார். “ஆதாரம் எதாவது இருக்கா?” சங்கத்துப் பாஸ்புக்கை நீட்டினோம். எல்லாப் பக்கத்திலும் கணவர் பெயர். அக்கா அதை வாங்கிப் புரட்டினார், ஒரு புடவைக் கணக்கில் விரலை வைத்தார். “இது... பச்சை” என்றார். கொஞ்ச நேரம் சொல்லைத் தேடினார். “கரை நான் போட்டது.”

வக்கீல் குறித்துக்கொள்ளவில்லை. நான் குறித்துக்கொண்டேன்.