மூன்றாம் மாடியில் ஓர் அம்மி

வெள்ளவத்தையிலிருந்து வாசகி ஒருவர் எமக்கு எழுதியிருக்கின்றார். தொடர்மாடி வீடு, மூன்றாம் மாடி. குசினியைப் புதுப்பிக்க எண்ணி, மேசனாரை அழைத்து அளவும் எடுத்தாயிற்று. தரைக்குப் புதிய டைல், சுவர் நீளத்துக்கு அலுமாரி, அதன்மேல் பளபளக்கும் கருங்கற் பலகை. எல்லாவற்றிற்கும் இடம் வகுத்த பின்னர் ஒரேயொரு பொருள் மட்டும் இடமின்றி நிற்கின்றதாம். அது மாமியாரின் அம்மி. "கிரைண்டர் இருக்கையில் இந்தக் கல் எதற்கு, கீழே காவற்காரரிடம் கொடுத்துவிடுவோம் என்கிறான் மகன். மாமி மறுத்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆனால் மூன்று நாளாக அவர் சம்பல் அரைக்கவுமில்லை. நான் யார் பக்கம் நிற்பது?" என்று கேட்டுவிட்டு, கடிதத்தின் அடியில் சிறிய எழுத்தில் இன்னும் ஒரு வரி சேர்த்திருக்கின்றார்: "1983இல் எரிந்த எங்கள் வீட்டிலிருந்து மீண்டது இந்த அம்மி ஒன்றுதான்."

கடிதத்தின் மேற்பகுதிக்கு விடை கூறுதல் எளிது. அந்த அடிக்குறிப்பே எம்மை இவ்வளவு நீளமாக எழுதத் தூண்டிற்று.

பழைய பொருள்களின்மீது ஆசை கொள்வது இக்காலத்தில் ஒரு நாகரிகமாகிவிட்டது. அரிக்கன் லாந்தருக்குள் மின்குமிழைப் பொருத்தி விறாந்தையிலே தொங்கவிடுகின்றார்கள். தையல் மெசினின் இரும்புக் கால்மீது கண்ணாடியை வைத்து மேசையாக்குகின்றார்கள். பித்தளை அண்டாவில் கடதாசிப் பூவை நட்டு வரவேற்பறையில் நிறுத்துகின்றார்கள். பார்வைக்கு அழகுதான், மறுக்கவில்லை. ஆயினும் லாந்தர் எரிய வேண்டும், மெசின் தைக்க வேண்டும் என்பது எம்முடைய பழங்கொள்கை. தொழில் செய்யும் வரையில் ஒரு பொருள் வீட்டாருள் ஒருவராக இருக்கின்றது. தொழில் நின்றதும் விருந்தாளியாகிவிடுகின்றது. சிறிது காலத்தில் விருந்தாளிக்கு அலுப்பும் தட்டுகின்றது. அதன் பின்னர் போத்தற்காரனின் வண்டிதான்.

கொழும்புத் தமிழ்க் குடும்பங்களிடத்தில் பாட்டன் பாட்டி காலத்துச் சாமான்கள் அதிகம் காணப்படுவதில்லையே என்று வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் வியப்பதுண்டு. வியப்பதற்கு என்ன இருக்கின்றது? 1958, 1977, 1983 ஆகிய மூன்று ஆண்டுகளைக் கூறினால் வயது முதிர்ந்தோர்க்கு வேறு விளக்கம் வேண்டுவதில்லை. மாணவர்களுக்காகச் சில வரிகள் எழுதுகின்றோம். 1983 ஜூலை 24ஆந் திகதி இரவு பொறளையில் மூண்ட கலவரம் மறுநாள் வெள்ளவத்தைக்கும் நகரின் பிற பகுதிகளுக்கும் பரவிற்று. வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகத் தேடி எரித்தவர்கள் இருந்தனர். தப்பியோர் இரத்மலானை விமான நிலையத்திலும் பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியிலும் பிறவிடங்களிலும் தங்கினர். பலர் அங்கிருந்து கப்பலேறிக் காங்கேசன்துறைக்குச் சென்றனர். உடுத்த துணியோடு சென்றவர்கள் அண்டாவையும் அலுமாரியையும் சுமந்து சென்றிருக்க முடியுமா? பின்னர், 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் முழுவதும் பெயர்ந்தபோது யாழ்ப்பாணத்து வீடுகளும் இவ்வாறே வெறுமையாயின. அவ்வழியே ஒரு பையுடன் கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தைச் சந்துகளில் எழுந்துகொண்டிருந்த தொடர்மாடிகளில் அறையெடுத்துக் குடியேறிய குடும்பங்கள் எத்தனையோ.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது அழிந்த 97,000 நூல்களை நாம் எண்ணிச் சொல்கின்றோம். சொல்லத்தான் வேண்டும். எரிந்த வீடுகளின் மூக்குப்பேணியும் பலாமரக் கட்டிலும் இடியப்ப உரலும் அத்தகைய கணக்கில் வருவதில்லை. ஆகவே அந்தச் சாம்பலிலிருந்து ஒரு கல் மீண்டுவந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சம்பல் அரைத்துக்கொண்டிருக்கின்றதெனில், அதனைக் காவற்காரரிடம் கொடுக்குமுன் மகன் ஒரு தடவை மாமியாரின் அருகிலமர்ந்து அவ்வரலாற்றைக் கேட்டு எழுதிவைப்பாராக.

இனி, வெறும் பாசத்துக்காகவே அம்மியை வைத்திருக்க வேண்டுமென்று நாம் வாதாடுவதாக அவர் நினைத்தல் கூடாது. 2022ஆம் ஆண்டை அவரும் கண்டவரே. 12.5 கிலோ காஸ் சிலிண்டர் 2021 ஒக்டோபர் தொடக்கத்தில் 1,493 ரூபா விற்றது. 2022 ஏப்ரிலில் 4,860 ரூபா ஆயிற்று. அவ்விலை கொடுக்க ஆயத்தமாக இருந்தவர்களும் வெற்றுச் சிலிண்டரோடு வரிசையிலே நாட்கணக்கில் நின்றார்கள். மார்ச் மாத முடிவில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலத்தை எட்டிற்று. அப்பொழுதுதான் நமது நவீன குசினிகளின் கோலம் வெளிப்பட்டது. விறகு எரிக்கப் புகைபோக்கி இல்லை, அம்மி இல்லை, லாந்தரின் வயிற்றிலே மின்குமிழ்! கிரைண்டர் இருந்தது, மின்சாரம் இல்லை. அடுப்பு இருந்தது, காஸ் இல்லை. மண்ணெண்ணெயும் அவ்வாண்டு ஆகஸ்டில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறிற்று. கைப்பொருளைக் கைவிட்டவர்கள் அண்டை வீட்டு அம்மிக்கு முறை வைத்துக் காத்திருந்தார்கள்.

கொட்டாஞ்சேனைப் பக்கத்துப் பழைய வரிசை வீடுகளில் இவ்வளவு திண்டாட்டம் இருக்கவில்லை. அவை குறுகியவை, காற்றும் குறைவு, புதுப்பிக்கக் கையில் பணமும் இல்லை. ஆனால் உயர்ந்த ஓட்டுக் கூரையின்கீழ்ப் பரண் ஒன்று இருக்கும். பரணில் கரியடுப்பு, சிமினி விளக்கு, சுளகு, தேங்காய் துருவலை என்று யாவும் தூசு படிந்து கிடக்கும். ஏணியை வைத்து இறக்கிக் கழுவியவுடன் குடும்பம் நடந்தது. எனவே வீடு திருத்துவோர்க்கு நாம் கூறுவது ஒன்றே: புதிய குசினியை எவ்வளவு அழகாகவும் கட்டுக, மின்சாரமும் காஸும் வேண்டாத நாலைந்து பொருள்களுக்கு, அவை உழைக்கக்கூடிய நிலையில், ஓரிடம் விட்டுக் கட்டுக. கரியடுப்பை மட்டும் பூட்டிய அறையில் மூட்டவே கூடாது. கரிப்புகையில் உள்ள காபனோரொட்சைட்டு மணமற்றது, நிறமற்றது, உறங்குகின்றவரை எழவிடாது. பல்கனியில், காற்றோட்டத்தில் மட்டுமே.

அம்மிக்கு வருவோம். மூன்றாம் மாடி அந்தக் கல்லின் பாரத்தைத் தாங்குமோ என்று வாசகி அஞ்சுகின்றார். பொருள் நிறைந்த குளிர்சாதனப் பெட்டியைத் தாங்கும் தளம் ஓர் அம்மியையும் தாங்கும். தொல்லை பாரத்தினால் வருவதன்று. டைல் வெடிப்பதும், கீழ் வீட்டாரின் தலைக்குமேல் உறுமல் கேட்பதுமே தொல்லை. தடித்த றப்பர் விரிப்பொன்றை இட்டு, அதன்மேல் நாலாக மடித்த சாக்கைப் போட்டால் இரண்டும் தீரும். உரல், உலக்கை வேறு கதை; தொடர்மாடியில் மாவிடிக்கப் புறப்படுவோர் அயலாரின் நட்பைக் கைகழுவிவிட்டே புறப்பட வேண்டும்.

முழங்கால் நோவுள்ள மூத்தோர்க்கு நிலத்திலமர்ந்து அரைத்தல் தண்டனை. மேசனார் வீட்டிலிருக்கும்போதே, கழுவுந்தொட்டிக்கு அருகில் சீமெந்துக் கல்லாலே சிறு மேடையொன்று கட்டுவிக்கலாம். உயரம் கடையில் எழுதித் தருவதன்று. அரைப்பவர் நிமிர்ந்து நின்று முழங்கையை மடிக்கையில், அம்மியின் முகம் முழங்கைக்கு ஒரு சாண் கீழே இருக்க வேண்டும். உடம்பின் பாரம் குழவிமேல் இறங்குவதற்கு அந்தச் சாண் இன்றியமையாதது. மேடையின் முகப்பைத் தொட்டிப் பக்கமாகச் சற்றே சரித்துவிட்டால் கழுவிய நீர் தானே ஓடும். மேடை இவ்வுயரத்தில் அமைந்துவிட்டால் மகனும் நின்று அரைக்கலாம் என்பதை வாசகி மறவாதிருப்பாராக. முற்காலத்து அம்மியின் சுவையைப் புகழ்வோர், அதனை விடியற்காலையில் அரைத்த மருமகளின் தோள்களைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. இடம் போதவில்லையென்று சுவரை இடிக்க மட்டும் எண்ண வேண்டாம். 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி உரிமைச் சட்டத்தின்கீழ் வீடு உம்முடையதாயினும், கட்டடத்தைத் தாங்கும் சுவர் எல்லோருக்கும் பொதுவானது.

நெடுநாள் உழைத்த அம்மியின் முகம் வழுவழுப்பாகிவிடும். மிளகாய் அரைபடாமல் வழுக்கும். அதற்குப் பொளிதல் வேண்டும். உளியும் சுத்தியலும் கொண்டு தெருத்தெருவாய்க் கூவி வந்து பொளிந்து கொடுத்தவர்களின் குரலை வயதானவர்கள் அறிவர். இன்று அத்தொழிலாளரைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கின்றது. சுவாமி கோயில் வேலைகளுக்கு வரும் கற்றச்சர்களிடம் விசாரித்தல் ஒரு வழி. பொளிந்த உடனே சமையலுக்கு எடுக்கலாகாது. ஒரு பிடி பச்சையரிசியை நீர் தெளித்து அரைத்துக் கொட்டுக. அரைத்த மா சாம்பல் நிறமாயிருந்தால் கல்லின் தூள் இன்னும் வருகின்றது என்பது பொருள். மா வெள்ளையாகும் வரை மீண்டும் மீண்டும் செய்து, கல்லுப்பினால் தேய்த்துக் கழுவுக. கிரைண்டரின் அலகு வெட்டுகின்றது, கல்லோ நசுக்குகின்றது. தேங்காய்ப்பூவும் செத்தல் மிளகாயும் நசுங்கும்போது எண்ணெய் கசிந்து ஒன்றோடொன்று சேர்கின்றது. மாமியாரின் சம்பலுக்கு மகன் வேறெங்கும் காணாத சுவை இருப்பதன் காரணம் அதுவே.

பித்தளைப் பாத்திரம் வைத்திருப்போர்க்குச் சுருக்கமாக ஓர் எச்சரிக்கை. வெளிப்புறம் புளியும் சாம்பலும் இட்டுத் துலக்கினால் போதும். உட்புறம் ஈயம் பூசாத பாத்திரத்தில் புளிக்குழம்பு, தயிர், எலுமிச்சைச் சாறு எதனையும் வைத்தலாகாது. புளிப்பில் செம்பு கரையும். ஈயம் பூசுவோர் பாத்திரத்தைக் காய்ச்சி, நவச்சாரம் தூவி, வெள்ளீயத்தை உருக்கித் துணியால் துடைத்துப் பரப்புவார்கள். அது வெள்ளீயந்தானா என்று கேட்டு உறுதி செய்க. காரீயம் கலந்தால் நஞ்சு. மூக்குப்பேணியைக் குறித்து இளைஞர்கள் உருக்கமாக எழுதுகின்றார்கள். நல்லதே. அப்பேணி வீட்டினுள்ளே சுற்றிவந்த காலத்தில் முற்றத்தில் நிறுத்தப்பட்ட சிலருக்குச் சிரட்டையிலே நீரும் தேநீரும் வார்க்கப்பட்டது என்பதையும் சேர்த்து எழுதினால் எழுத்து முழுமை பெறும்.

மரச்சாமானைப் புதுப்பிப்போர் பழைய வர்ணத்தை உலர்ந்தபடி சுரண்ட வேண்டாம். முற்காலத்து எனாமல் வர்ணங்களில் ஈயம் சேர்ந்திருந்தது. நமது நாட்டில் அதற்கு வரம்பு விதிக்கப்பட்டது 2013இலேதான். நீர்விட்டு நனைத்துத் தேய்த்து, சேற்றைத் துணியோடு அகற்றுக. குழந்தைகளை அன்று உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடுவது நலம்.

இறுதியாகத் தையல் மெசின். சிங்கர் கம்பனி 1877இல் கொழும்பில் கடை திறந்தது. தவணை முறையில் பணம் கட்டி மெசின் வாங்கிய குடும்பங்கள் பல. அந்தப் பெடலை மிதித்தே பிள்ளைகளைப் படிக்கவைத்த தாய்மார் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உண்டு. உங்கள் வீட்டு மெசினின் அடித்தட்டில் ஓர் இலக்கம் பொறித்திருக்கும். அதற்கு முன்னால் எஃப், ஜே, வை என்னும் ஆங்கில எழுத்துகளில் ஒன்றோ, 'ஈ'யில் தொடங்கும் இரட்டை எழுத்தோ இருப்பின், அது ஸ்கொட்லாந்தின் கிளைட்பாங்க் நகரத்துத் தொழிற்சாலையில் பிறந்தது. அந்த எழுத்தையும் இலக்கத்தையும் கொண்டு, அது எவ்வாண்டில் செய்யப்பட்டதென்பதையும் கண்டறியலாம். மாணவர்களுக்கு இது நல்லதொரு விடுமுறை வேலை. அத்தொழிற்சாலை 1980இல் மூடப்பட்டுவிட்டது. மெசின்கள் இன்னும் தைக்கின்றன. 2022இன் 13 மணித்தியால இருளிலும், யன்னலோரத்து வெளிச்சம் இருந்த வரையில் தைத்தன.

இறுகிப்போன மெசினைப் பழைய இரும்புக்காரனுக்குக் கொடுக்குமுன் ஒருநாள் பொறுங்கள். தேங்காயெண்ணெய் விட்டதனாலேயே பெரும்பாலும் இறுகியிருக்கும். அது நாளடைவில் பிசினாகும். அசையும் மூட்டுகளிலெல்லாம் மண்ணெண்ணெய் இரண்டிரண்டு துளி விட்டு, ஓரிரவு ஊறவைத்து, சக்கரத்தைக் கையால் மெல்ல முன்னும் பின்னும் அசையுங்கள். பலவந்தம் வேண்டாம். அழுக்கு வெளிவந்ததும் துடைத்து, பின்னர் மெசின் எண்ணெய் விடுக. தோல்வார் தளர்ந்திருந்தால் புதிது தேட வேண்டியதில்லை. அரை அங்குலம் நறுக்கித் துளையிட்டு, அதே கொக்கியை மீண்டும் மாட்டுங்கள்.

பிரம்புக் கதிரை பின்னுவது பற்றிக் கேட்டெழுதிய கொட்டாஞ்சேனை மாணவருக்கு அடுத்த ஞாயிறு விடை கூறுவோம்.