ஆண்டறிக்கை வாசிக்கும் நேரம்

தைப் பொங்கல் கழிந்து, அறுவடையான வயல்களில் ஆடுமாடுகள் மேயத் தொடங்கும் நாட்களில், நம் கிராமப் பள்ளிகளில் ஆண்டு விழா என்னும் உற்சவம் நடைபெறுகிறது. வகுப்பறைப் பெஞ்சுகளை நெருக்கிப் போட்டு ஜமுக்காளம் விரித்து மேடை அமைப்பார்கள். யாரோ ஒரு டீச்சரின் பட்டுப் புடவை திரைச்சீலையாகத் தொங்கும். மாலை நான்கு மணிக்கே ரோஸ் பவுடரும் மையும் தீட்டிக்கொண்ட குழந்தைகள், ஆடை கலைந்துவிடுமோ என்ற கவலையில் உட்காராமலே நின்றுகொண்டிருப்பார்கள். தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, ஆண்டறிக்கை, தலைமையுரை, பரிசளிப்பு, கலைநிகழ்ச்சிகள், நன்றியுரை, நாட்டுப்பண் என்று அழைப்பிதழில் அச்சிடும் கிரமம் எந்த ஊரிலும் அதிகம் மாறுவதில்லை.

இந்தக் கிரமத்தில் ஆண்டறிக்கை ஒன்றுக்குத்தான் எப்போதும் இடையூறு நேர்கிறது. சிறப்பு விருந்தினர் வேறொரு விழாவை முடித்துக்கொண்டு வருவதற்குள் இருட்டிவிடுகிறது. குழந்தைகள் பொறுமை இழக்கிறார்கள். தலைமை ஆசிரியரும் கையிலுள்ள ஆறு பக்கங்களில் முதலையும் கடைசியையும் மட்டும் வாசித்துவிட்டு, "நேரமின்மை காரணமாக" என்று சொல்லி அமர்ந்துவிடுகிறார். அதற்காக வருந்துவோர் கூட்டத்தில் ஒருவரும் இல்லை. ஆனால் விழாவின் உயிர்நிலையே அந்த அறிக்கைதான் என்பது என் திடமான அபிப்பிராயம். அது முதலிலிருந்து கடைசிவரை வாசிக்கப்பெற வேண்டும் என்பதையும், அவ்வாண்டில் அந்தப் பள்ளிக்காக உழைத்த ஒவ்வொருவர் பெயரும், முற்றம் பெருக்கியவர் பெயர் உட்பட, அதில் இடம்பெற வேண்டும் என்பதையும் சொல்லவே இதை எழுதுகிறேன்.

பள்ளியின் விவரங்கள் யாவும் இன்று எமிஸ் என்னும் கணினிப் பதிவேட்டில் அன்றாடம் ஏறிவிடுகின்றன. இன்று எத்தனை குழந்தைகள் வந்தார்கள் என்பது ஆசிரியரின் கைபேசி வழியே பத்து மணிக்குள் சென்னைக்குத் தெரிந்துவிடுகிறது. பள்ளிக்கு எதிர்வீட்டில் குடியிருப்பவருக்கோ தெரிவதில்லை. மேல்நிலை அலுவலகங்கள் அறிவதற்கு எத்தனையோ மார்க்கங்கள் உண்டு. ஊர் அறிவதற்கு உள்ள ஒரே சந்தர்ப்பம் ஆண்டறிக்கை. இந்த ஆண்டு ஒன்றாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், குறுவட்ட விளையாட்டுப் போட்டியில் நீளம் தாண்டுதலில் நம் ஊர்ப் பெண்ணுக்குக் கிடைத்த இடம் எது, மழையில் ஒழுகிய சமையற்கூடத்தின் ஓட்டை மாற்றிக் கொடுத்தவர் யார் என்பவற்றை, அக்குழந்தைகளைப் பெற்றவர்கள் தரையில் அமர்ந்து தம் காதால் கேட்கும் நேரம் வேறு எது இருக்கிறது?

பெயர்களை வரிசையாக வாசித்தால் ஜனங்கள் சலிப்படைவார்கள் என்று சிலர் ஆட்சேபம் சொல்லக்கூடும். கிராமத்துக் காதணி விழாவில் மொய்ப் பட்டியலை ஒலிபெருக்கியில் வாசிப்பதைக் கேட்டவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். இன்னார் மகன் இன்னார், தாய்மாமன் முறை, ரூபாய் இவ்வளவு என்று இரண்டு மணி நேரம் வாசித்தாலும் பந்தலில் ஒருவரும் அசைவதில்லை. தம்முடைய பெயரும் தம்மைச் சார்ந்தவர் பெயரும் சபையில் ஒலிப்பதைக் கேட்க வேண்டும் என்ற ஆசை நம் மக்களிடம் அவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அந்த ஆசையைப் பள்ளிக்கூடத்தின் நன்மைக்குப் பயன்படுத்திக்கொள்ளத் தெரிந்த ஒரு தலைமுறை நமக்கு முன்னர் இருந்தது.

1958ஆம் ஆண்டில் அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில் முதலாவது பள்ளிச் சீரமைப்பு மாநாடு கூடியது. அக்காலத்தில் பொதுக்கல்வி இயக்குநராக விளங்கிய நெ. து. சுந்தரவடிவேலு அவர்களின் சிந்தையில் உருவாகி, முதலமைச்சர் காமராசரின் ஆதரவால் மாவட்டந்தோறும் பரவிய இயக்கம் அது. சர்க்காரின் பொக்கிஷத்தில் பணம் போதாத காலம். பள்ளிகளோ ஊருக்கு ஊர் திறக்கப்பட்டுக்கொண்டிருந்தன. பள்ளி ஊருடைய சொத்து, அதன் குறைகளை நிரப்புவது ஊரின் தர்மம் என்று அவ்விருவரும் ஜனங்களிடம் நேரிற்சென்று கேட்டார்கள். நிலம் உடையவர் நிலம் தந்தார். தச்சர் மேசை செய்து கொடுத்தார். எளியவர்கள் கூடிச் சுவர்க்கடிகாரம் ஒன்றும் கரும்பலகை ஒன்றும் வாங்கி வந்தார்கள். அந்தக் கொடை ஊரறிய, சபையறிய நடந்தது என்பதே அவ்வியக்கத்தின் பலம். இன்றும் பழைய பள்ளிகளில், வர்ணம் மங்கிய பீரோக் கதவின்மேல் "உபயம்" என்ற எழுத்துகளுக்குக் கீழே ஒரு பெயரைக் காணும்போது, அதை எழுதச் சொன்னவர்களின் விவேகத்தை வியக்கிறேன்.

பொருள் கொடுத்தவர்க்கு இவ்வளவு கௌரவம் செய்யத் தெரிந்த நாம், உழைப்பைக் கொடுப்பவர் விஷயத்தில் அத்தனை சிரத்தை காட்டவில்லை. ஆசிரியர்களுக்காவது ஒரு தினம் இருக்கிறது. திருத்தணியில் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணனின் பிறந்தநாளான செப்டம்பர் 5ஆம் தேதி 1962 முதல் ஆசிரியர் தினமாகக் கொண்டாடப்பெறுகிறது. அவர் பெயரால் மாநில அரசு நல்லாசிரியர் விருதும் வழங்குகிறது. சமையற்கூடத்தில் புகையும் ஆவியும் சூழ நிற்பவர்க்கு அப்படியொரு தினம் இல்லை.

பள்ளியில் சோறிடும் தர்மம் நம் நாட்டில் நூறாண்டுக்கு மேற்பட்ட சரித்திரமுடையது. 1920ஆம் ஆண்டில், பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சியின் தலைவராயிருந்தபோது, ஆயிரம் விளக்குப் பகுதியிலுள்ள மாநகராட்சிப் பள்ளியில், மாணவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாமல் செலவிட்டு உணவளிக்கத் தீர்மானித்தார்கள். 1956இல் காமராசர் அதனை மாநிலமெங்கும் மதிய உணவாக்கினார். 1982 ஜூலை 1ஆம் தேதி எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் மு.க. ஸ்டாலின் காலை உணவையும் அதனோடு சேர்த்தார். அந்தத் தலைவர்களின் பெயரை நாடு நன்றியுடன் நினைக்கிறது, நினைக்கத்தான் வேண்டும். இத்தனை ஆண்டுகளில் விறகடுப்பை ஊதியும், பிற்பாடு எரிவாயு உருளையை உருட்டியும், கோடானுகோடி கவளங்களைச் சமைத்த கைகள் யாருடையவை என்பதையும் ஊர் அறிய வேண்டாமா? சத்துணவு மையத்தில் அமைப்பாளர், சமையலர், சமையல் உதவியாளர் என்று உத்தியோகப் பெயர்கள் உண்டு. குழந்தைகள் வழங்கும் பெயர் பெரும்பாலும் "ஆயா" என்பதே. அதில் பிரியம் நிறைந்திருக்கிறது என்பதை நான் அறிவேன். ஆயினும் அந்த ஒரு சொல்லுக்குள் அவருடைய சொந்தப் பெயர் முற்றிலும் மறைந்துபோகிறது.

சில ஆண்டுகளுக்கு முன்பு, ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியொன்றின் ஆண்டு விழாவுக்குப் போயிருந்தேன். தலைமை ஆசிரியை தம் அறிக்கையை ஒரு வரிகூட விடாமல் வாசித்தார். முடிவில், ஆண்டு முழுவதும் ஒரு நாளும் தவறாமல் வந்த ஒன்பது குழந்தைகளுக்கு எவர்சில்வர் டிபன் டப்பா பரிசளிக்கப்படும் என்று சொல்லிவிட்டு, அதை வழங்குவதற்கு ஒரு பெயரை, தலைப்பெழுத்துடன் முழுமையாக, ஒலிபெருக்கியில் அழைத்தார். சபையில் ஒரு சலனமும் இல்லை. எனக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்த சிறுவன் தன் அக்காளிடம், "யாருக்கா அது?" என்று கேட்டான். அவள் எட்டிப் பார்த்துவிட்டு, "நம்ம ஆயாடா!" என்றாள்.

கூட்டத்தின் பின்வரிசையில், தண்ணீர்க் குடத்தின் அருகே நின்றிருந்த அம்மையார் முன்னே வந்தார். உலர்ந்திருந்த கைகளை முந்தானையில் மீண்டும் ஒருமுறை துடைத்துக்கொண்டு, செருப்பைக் கீழே விட்டுவிட்டு மேடையேறினார். பரிசு பெற வந்த ஒவ்வொரு குழந்தையிடமும் டப்பாவைக் கொடுக்குமுன் ஏதோ ஒரு வார்த்தை சொன்னார். ஒலிவாங்கி அருகிலிருந்தபடியால் சில எங்களுக்கும் கேட்டன. "முட்டைய இனிமே மிச்சம் வைக்கப்படாது" என்றார் ஒருத்தியிடம். "தம்பிய நாளைக்கு உங்கூட இட்டுக்கினு வா" என்றார் இன்னொருவனிடம். எந்தக் குழந்தை எதை உண்ணும், எது எதை ஒதுக்கும், எந்த வீட்டில் அன்று அடுப்பு எரியவில்லை என்பதையெல்லாம் அறிந்த ஒருவரின் கையால் அந்தப் பரிசு கிடைப்பதற்கும், அன்று மாலைதான் அந்த ஊருக்கு முதன்முறையாக வந்த பெரியவர் ஒருவர் கையால் கிடைப்பதற்கும் உள்ள பேதத்தை, நான் அன்று கண்ணாரக் கண்டேன்.

விழா மேடையில் குழந்தைகள் ஆடும் கும்மிக்கும் கோலாட்டத்துக்கும் பின்னால் நிற்கும் வேறொரு கூட்டத்தாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். உடற்கல்வி, ஓவியம், இசை, தையல் முதலியவற்றைக் கற்பிக்க 2012ஆம் ஆண்டில் பதினாறாயிரத்துக்கு மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்கள், மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் அரசுப் பள்ளிகளுக்கு நியமிக்கப்பெற்றார்கள். வாரத்தில் மூன்று அரைநாட்கள் வேலை என்பது ஏற்பாடு. ஆண்டு விழா நெருங்கும் மாதத்தில் அந்த அரைநாள் எந்த மணியில் முடிகிறது என்பதைப் பள்ளி வாயிலில் நின்று பார்த்தவர்கள் அறிவார்கள். திரைச்சீலைக்கு வர்ணம் தீட்டுவதும், கிரீடத்துக்கு அட்டை வெட்டி ஜிகினாத் தாள் ஒட்டுவதும், பாட்டுச் சொல்லிக் கொடுப்பதும் அவர்களே. தொகுப்பூதியம் பிற்பாடு உயர்ந்திருக்கிறது. பணி நிரந்தரமாக வேண்டும் என்ற அவர்களுடைய கோரிக்கை ஆண்டுக்கணக்காக அப்படியே நிற்கிறது. அதை நிறைவேற்றும் சக்தி ஒரு கிராமத்துக்கு இல்லை. ஆனால் சபையில் அவரை எழுந்து நிற்கச் சொல்லி, இந்தக் குழந்தைகளுக்கு இசை பயிற்றியவர் இவர் என்று ஊராருக்குக் காட்டும் சக்தி எந்தக் கிராமத்துக்கும் உண்டு.

மாணவர்களின் கலைகளுக்கோ இப்போது நல்ல காலம். 2022-23ஆம் கல்வியாண்டு முதல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடைபெற்று வருகிறது. பள்ளியில் தொடங்கி, வட்டாரம், மாவட்டம் என்று ஏறி, மாநில அளவில் முடியும் அப்போட்டிகளில் வெல்வோர்க்குக் கலையரசன், கலையரசி என்ற பட்டங்களும் உண்டு. பறையடிக்கத் தெரிந்த பையனுக்கும், களிமண்ணில் யானை செய்யத் தெரிந்த பெண்ணுக்கும் கணக்குப் பாடத்துக்கு நிகரான ஒரு கீர்த்தி கிடைப்பது பெரிய காரியம். ஆனால் போட்டி என்றால் ஒருவர் மேலேறப் பலர் வட்டார அளவிலேயே நின்றுவிடுகிறார்கள். வேன் ஏறிப் போய், முறை வரும்வரை பசியோடு காத்திருந்து, ஐந்து நிமிஷம் ஆடிவிட்டுப் பரிசில்லாமல் திரும்பிய குழந்தைகளின் கலையைச் சொந்த ஊர் காணும் இடம் ஆண்டு விழாதான். அந்த மேடையில் முதல் பரிசு, இரண்டாம் பரிசு வேண்டாம் என்பேன். ஆடியவர் அனைவருக்கும் ஒரே மாதிரியான நோட்டுப் புத்தகமும் பேனாவும் போதும்.

தமிழ்நாட்டில் 388 ஊராட்சி ஒன்றியங்கள் இருக்கின்றன. ஒவ்வோர் ஒன்றியத்திலும் வட்டாரக் கல்வி அலுவலர் இருக்கிறார். கூடிப் பேசுவதற்கு வட்டார வள மையம் இருக்கிறது. ஆண்டுக்கொரு சனிக்கிழமை, அந்த ஒன்றியத்துப் பள்ளிகளின் சமையலர்களையும், துப்புரவுப் பணியாளர்களையும், இரவுக் காவலர்களையும், பகுதிநேர ஆசிரியர்களையும் அழைத்து, இலை போட்டு விருந்து வைத்து, அவர்களை உட்காரவைத்துத் தலைமை ஆசிரியர்களே பரிமாறுவதற்குப் பெரிய செலவு ஆகிவிடாது. அரசாணை வரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டியதில்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். அங்கத்தினரில் பாதிப்பேர் பெண்கள். ஆண்டறிக்கையில் எந்தெந்தப் பெயர்கள் இருக்க வேண்டும் என்று அக்குழுவே தீர்மானம் எழுதலாம். வாசித்த அறிக்கையைப் பிரதி எடுத்து, பள்ளியின் அறிவிப்புப் பலகையில் அடுத்த ஆண்டு விழா வரையில் ஒட்டி வைக்கலாம். நான் சொன்ன அந்தப் பள்ளியில் அப்படித்தான் செய்தார்கள். பணியாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு பிரதி கையிலும் கொடுத்தார்கள்.

அன்று நாட்டுப்பண் முடிந்து, பந்தற்காரர் விளக்குகளைக் கழற்றத் தொடங்கியிருந்தார். அந்த அம்மையார் அறிக்கையின் தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு, ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியைக் கூப்பிட்டு, "எந்த எடத்துல இருக்குது, காட்டு" என்றார். அவள் நான்காம் பக்கத்தில் விரலை வைத்து எழுத்துக்கூட்டாமல் வாசித்தாள். "இன்னொரு தபா படி" என்றார். அவள் மறுபடி வாசித்தாள். தாள்களை நாலாக மடித்து இடுப்பிலிருந்த சுருக்குப் பையில் வைத்துக்கொண்டு, நாளைக்குக் கொண்டைக்கடலை ஊறப்போடவில்லையே என்று சொல்லியவாறு, சமையற்கூடத்துச் சாவியைத் தேடிக்கொண்டு இருட்டில் நடந்தார்.