யாக்கோபுக்கும் பேதுருவுக்கும் ஒரே தேவன்



ஆபத்திலிருந்து தப்பியவர் சபையில் எழுந்து சாட்சி சொல்லும்போது நாம் அனைவரும் ஸ்தோத்திரம் சொல்லுகிறோம். அது தகுதியானதே. ஆயினும் அதே ஆராதனையில், அதே நோயில் மகனைப் பறிகொடுத்த தாய் ஒருத்தி பின்வரிசையில் அமர்ந்திருக்கக்கூடும். "நாங்கள் ஜெபித்தோம், ஆகையால் தேவன் காத்தார்" என்னும் சாட்சி அவள் செவியில் எவ்வாறு விழும்? அவள் ஜெபிக்கவில்லையா?

அப்போஸ்தலர் நடபடிகள் 12ஆம் அதிகாரம் இக்கேள்வியை மறைக்காமல் நம்முன் வைக்கிறது. ஏரோது ராஜா, யோவானின் சகோதரனாகிய யாக்கோபைப் பட்டயத்தினால் கொலைசெய்கிறான். பின்பு பேதுருவைப் பிடித்து, 16 போர்ச்சேவகரின் காவலில் வைக்கிறான். ஜனங்களுக்கு முன்பாக அவரைக் கொண்டுவர எண்ணியிருந்த நாளுக்கு முந்தின இராத்திரியில் தூதன் வந்து அவரை விடுவிக்கிறான்.

இருவரும் மறுரூப மலையில் ஆண்டவரோடு நின்றவர்கள். ஒருவருக்குச் சிறையின் கதவு திறந்தது; மற்றவர்மேல் வந்த பட்டயமோ தடுக்கப்படவில்லை. யாக்கோபுக்கு விசுவாசம் குறைவு என்று லூக்கா ஒரு சொல்லும் எழுதவில்லை. வேதம் சொல்லாததை நாம் சொல்லத் துணியலாகாது.

2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாளான ஞாயிறு. அன்று நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோரை ஆழிப்பேரலை வாரிக்கொண்டது. வேளாங்கண்ணிக்குத் தொழ வந்தவர்களும் அவர்களுள் இருந்தனர். தப்பியவர் நீதிமான், மடிந்தவர் பாவி என்று அங்கே யார் பிரிக்க முடியும்? சீலோவாமிலே கோபுரம் விழுந்து மாண்ட 18 பேரைக் குறித்து அப்படிப் பேச நம் ஆண்டவரே மறுத்துவிட்டார்.

நம்மில் அநேகர் வீட்டுச் சுவரில் 91ஆம் சங்கீதம் தொங்குகிறது. அந்தச் சங்கீதத்தை வனாந்தரச் சோதனையில் இயேசுவிடம் எடுத்துக் கூறியவன் சாத்தான் என்பதை நாம் மறக்கிறோம். வாக்குத்தத்தத்தைக் காட்டி, தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதிக்கச் சொன்னான் அவன். தேவனைப் பரீட்சை பார்ப்பது விசுவாசமாகாது. தூதனால் விடுவிக்கப்பட்ட பேதுருவும் அதே இடத்தில் தங்கியிராமல் வேறொரு இடத்திற்குப் புறப்பட்டுப் போனார். ஆகவே புயல் எச்சரிக்கை வரும்போது முகாமுக்குச் செல்வதும், நோயில் மருத்துவரை நாடுவதும் அவிசுவாசம் அல்ல.

அப்படியானால் தேவ பாதுகாப்பு என்பது என்ன? ரோமர் 8ஆம் அதிகாரத்தில் பவுல், கிறிஸ்துவின் அன்பைவிட்டு நம்மைப் பிரிக்க முடியாதவற்றை வரிசைப்படுத்துகிறார். உபத்திரவம், பசி, நாசமோசம் என்று செல்லும் ஒரு வரிசையின் முடிவில் அவர் வைத்திருப்பது பட்டயம். யாக்கோபின் உயிரைப் பறித்ததும் பட்டயமே. பட்டயம் வராது என்று பவுல் எழுதவில்லை. வந்தாலும் அது நம்மைக் கிறிஸ்துவின் கரத்திலிருந்து பிரிக்காது என்றே போதிக்கிறார். பேதுருவைச் சிறையிலிருந்து வெளியே நடத்திய தேவனே, யாக்கோபை மரணத்தின் வழியாய்த் தம்மண்டை சேர்த்துக்கொண்டார். இருவரும் காக்கப்பட்டார்கள் என்றே நான் விசுவாசிக்கிறேன்.

எனவே பிரியமானவர்களே, தப்புவிக்கப்பட்டபோது தாராளமாய்ச் சாட்சி சொல்லுங்கள். ஆனால் அந்த விடுதலையை உங்கள் ஜெபத்தின் கூலியாக அல்ல, கிருபையாகவே அறிக்கையிடுங்கள். ஆராதனை முடிந்ததும் அந்தப் பின்வரிசைத் தாயின் அருகில் சற்றுநேரம் உட்காருங்கள். விளக்கம் எதுவும் கூறவேண்டாம். அவளோடு அழுதாலே போதும். தேவன் தன்னைக் கைவிடவில்லை என்பதை அவள் உங்கள் மூலமாய் அறிந்துகொள்ளக்கூடும்.

கர்த்தர் தாமே இந்த வாரமெங்கும் உங்களோடிருப்பாராக. ஆமென்.