காணி திரும்பின பிறகு

பிரான்ஸ் எண்டால் எங்களுக்குப் பாரிஸ்தான், அதிலும் லாச்சப்பல். தெற்கே, தார்ன் ஆற்றங்கரையில், மீயோ எண்டொரு சின்ன நகரம் இருக்கு. அதை அறிந்தவர்களும் 2004இல் திறக்கப்பட்ட 343 மீற்றர் உயரப் பாலத்தைத்தான் சொல்லுவார்கள். எங்களைக் கேட்டால், நகரத்துக்குத் தெற்கே விரியும் லார்சாக் மேட்டுநிலத்தைத்தான் முதலில் சொல்லுவோம்.

கல்லும் புல்லுமான வறண்ட பூமி. செம்மறிதான் சீவியம்: பால் ரொக்ஃபோர் சீஸுக்கு, தோல் மீயோவின் கையுறைப் பட்டறைகளுக்கு. 1971இல் அரசாங்கம் அங்கிருந்த 3,000 ஹெக்டயர் இராணுவ முகாமை 17,000 ஹெக்டயராகப் பெருப்பிக்கப்போவதாக அறிவித்தது. அடுத்த வருசம் 103 விவசாயிகள் காணி விற்கமாட்டோம் என்று கையொப்பம் வைத்தார்கள். காந்தியின் சீடரான லான்சா டெல் வாஸ்தோ அங்கே வந்து உண்ணாவிரதம் இருந்தார். ஈபிள் கோபுரத்தடிக்குச் செம்மறிகளைக் கொண்டுபோய் மேயவிட்டார்கள். அனுமதி இல்லாமலே கல்லால் ஆட்டுக்கொட்டில் கட்டினார்கள். 1978இல் பாரிஸ் வரை நடந்தார்கள். 1981இல் பிரான்சுவா மித்தரான் ஜனாதிபதியானதும் திட்டம் கைவிடப்பட்டது.

இந்த இடத்தில் கதையை முடித்துக் கைதட்டுவதுதான் வழக்கம். எங்களுக்குப் பெரிதாய்ப் படுவது அதற்குப் பிறகு நடந்தது. முகாமுக்காக அரசு ஏற்கெனவே வாங்கி வைத்திருந்த 6,300 ஹெக்டயரை என்ன செய்வது? துண்டு துண்டாக விற்றிருந்தால் காசுள்ளவர்களின் கைக்குத்தான் போயிருக்கும். 1985இல் விவசாயிகள் தாங்களே அமைத்த நிறுவனத்தினூடாக அதை அரசிடம் நீண்டகாலக் குத்தகைக்கு எடுத்தார்கள். வேலை செய்யும் காலம் வரைதான் காணியும் வீடும். ஓய்வு பெற்றால் அடுத்து வருபவருக்கு விட்டுக்கொடுக்க வேணும். பிள்ளைக்கு எழுதிவைக்கவோ, விற்றுக் காசாக்கவோ ஏலாது.

லேசான ஏற்பாடில்லை இது. காலம் முழுக்க உழைத்த வீட்டை விட்டு எழும்பிப் போகிறது யாருக்கும் வலிக்கும். பழைய முகாமும் இன்னும் அங்கேதான் இருக்கு. ஆனாலும், சொந்தக் காணி இல்லாத இளம் ஆக்கள் அங்கே வந்து விவசாயம் தொடங்க முடிகிறதென்றால் அதற்கு இந்த ஏற்பாடும் ஒரு காரணம்.

காணியை மீட்பது பாதி வேலைதான் எண்டு நாங்கள் நினைக்கிறோம். திரும்பி வந்த காணி நாளைக்கு ஆர் கையில் இருக்கும் எண்ட கேள்வியை, போராடும்போதே கேட்கத் தொடங்க வேணும்.