ஹைட்ராவுக்குச் சாகாவரம் கொடுத்தது யார்?

குளத்து நீர்த்தாவரங்களின் இலைக்கடியில் ஒட்டிக்கொண்டு வாழும் ஹைட்ரா, ‘சாகாவரம் பெற்ற உயிரி’ என்று அவ்வப்போது செய்தியாகிறது. உடம்பை முழுதாக நீட்டினாலும் அது ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான். ஆய்வாளர்கள் சொன்னதற்கும் இந்தச் செய்திகள் சொல்வதற்கும் இடையே பெரிய தூரம் இருக்கிறது. அந்தத் தூரத்தை உண்டாக்கியதில் ஹைட்ராவின் புராணப் பெயருக்குப் பெரும்பங்கு உண்டு என்பது என் கருத்து.

கிரேக்கப் புராணத்தின் ஹைட்ரா, லெர்னா சதுப்பில் வாழ்ந்த நச்சுப் பாம்பு. அப்பொல்லோடோரஸ் பெயரில் வழங்கும் தொகுப்பின்படி அதற்கு ஒன்பது தலைகள். நடுத்தலைக்கு அழிவே கிடையாது. அதைக் கொல்ல வந்த வீரன் ஹெராக்ளீஸ் ஒரு தலையை நசுக்கினால் அங்கே இரண்டு முளைத்தன. துணைக்கு வந்த இயோலாவுஸ் கழுத்துகளைத் தீயால் சுட்ட பிறகே முளைப்பது நின்றது. நடுத்தலையை வெட்டி, பாறைக்கடியில் புதைத்துவிட்டுப் போனார்கள். உயிரியலுக்கு இந்தக் கதை வந்து சேர்ந்தது 18-ஆம் நூற்றாண்டில். ஹாலந்தில் ஒரு பிரபுவின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்த ஜெனீவாக்காரர் ஆபிரகாம் டிரெம்ப்ளே, செடியா விலங்கா என்று பிடிபடாத ஒரு நீர்வாழ் உயிரை 1740-இல் குறுக்கே வெட்டிப் பார்த்தார். செடியென்றால் இரு துண்டும் பிழைக்கும், விலங்கென்றால் பிழைக்காது என்று நினைத்தார். இரண்டும் முழு உயிராக வளர்ந்தன. ஆனால் அது நகர்ந்தது, இரை பிடித்துத் தின்றது. பிறகு தலைப்பகுதியை நெடுக்காகக் கீறிக் கீறிப் பல தலை கொண்ட ஒன்றையே உண்டாக்கினார். 1758-இல் லின்னேயஸ் அந்தப் பேரினத்துக்கு ஹைட்ரா என்று பெயர் வைத்தார்.

பெயர் பொருத்தமானதுதான், ஆனால் பாதி அளவுக்கே. இந்த உயிரில் ஒரு தலையை வெட்டினால் இரண்டு மூன்று நாளில் ஒரு தலைதான் வளரும். இருக்கிற தலை, பக்கத்தில் இன்னொரு தலை எழாதபடி உடம்பெங்கும் தடைக் குறிப்பு அனுப்பிக்கொண்டே இருக்கிறது. 1909-இல் எதெல் பிரவுன் என்ற அமெரிக்க ஆய்வாளர், வாயைச் சுற்றிய சிறு திசுவை வேறொரு ஹைட்ராவின் நடு உடம்பில் ஒட்டினார். அங்கே உடம்போடு புதுத் தலை கிளம்பியது. கண்டபடி முளைப்பதல்ல, எங்கே எத்தனை முளைக்கலாம் என்று உடம்பு வைத்திருக்கும் கணக்கே இதில் வியப்பு. நம் பள்ளிப் பாடத்தில் ‘இழப்பு மீட்டல்’ என்ற ஒரு சொல்லோடு இது முடிந்துபோவது வருத்தம் தருகிறது.

சாகாவரம் என்ற பேச்சுக்கு அடிப்படை உயிரியலாளர் டேனியல் மார்ட்டினெஸின் ஆய்வு. 2015-இல் அவரும் கூட்டாளிகளும் வெளியிட்ட முடிவுகளின்படி, அமெரிக்காவிலும் ஜெர்மனியிலுமாக 2,256 ஹைட்ராக்கள் எட்டு ஆண்டுகள் கண்காணிக்கப்பட்டன. ஆண்டுக்கு 167-இல் ஒன்று என்ற அளவில் அவை செத்தன. வயது கூடியும் அந்த விகிதம் கூடவில்லை. இவ்வளவு சின்ன உயிர் எட்டு ஆண்டு மூப்பின்றி இருப்பதே அதிசயம், அதைச் சாகாவரம் என்றால் என்ன குறை என்று கேட்கலாம். அதிசயம்தான், மறுக்கவில்லை. ஆனால் மூப்பு இல்லாமை வேறு, சாவு இல்லாமை வேறு. அந்த எட்டு ஆண்டும் சுத்தமான நீர், சீரான வெப்பம், வேளைக்கு இரை. குளத்தில் அதை இரையாக்கும் உயிர்கள் உண்டு. செம்பு, காட்மியம் போன்ற உலோகங்கள் நீரில் கலந்தால் முதலில் வாயைச் சுற்றியுள்ள உணர்நீட்சிகளின் நுனி தடிக்கும், பிறகு அவை சுருங்கும், கடைசியில் உடம்பே கரைந்துபோகும். அதனால்தான் நீரின் நச்சுத்தன்மையை அளக்க ஹைட்ராவைப் பயன்படுத்துகிறார்கள். புராணத்து ஹைட்ரா சதுப்பை நஞ்சாக்கியது. இந்த ஹைட்ரா நாம் கலக்கும் நஞ்சில் சாகிறது. ஹைட்ரா ஒலிகாக்டிஸ் என்ற இனமோ, குளிரில் பாலினப் பெருக்கத்துக்கு மாறிய சில மாதங்களிலேயே மூப்படைந்து இறக்கிறது.

கதை இல்லாவிட்டால் இந்தப் பூச்சியளவு உயிரை யார் திரும்பிப் பார்ப்பார்கள் என்பது இன்னொரு வாதம். அதில் நியாயம் உண்டு. ஒற்றைக்கண் அரக்கனின் பெயரைத் தாங்கிய சைக்ளோப்ஸ், தேவதையின் பெயரைத் தாங்கிய டாஃப்னியா என்று நன்னீர் உயிரியலில் புராணப் பெயர்கள் நிறையவே உண்டு. அவற்றால் யாரும் ஏமாறவில்லை. ஹைட்ராவின் பெயர் மட்டும் மனிதனின் பழைய ஆசையைத் தொடுகிறது. காயகல்பம் தேடிய மண்ணில் அந்த ஆசைக்கு விளக்கம் தேவையில்லை. ஹைட்ராவின் இளமைக்குக் காரணம், அதன் உடம்பின் பெரும்பகுதி ஓயாமல் பிரியும் குருத்தணுக்களாக இருப்பது. பழைய செல்கள் உணர்நீட்சிகளின் நுனிக்கும் அடித்தட்டுக்கும் தள்ளப்பட்டு உதிர்கின்றன. சில வாரங்களில் உடம்பே புதிதாகிவிடுகிறது. நரம்பு செல்களும் இதற்கு விலக்கல்ல. நினைவைச் சுமக்கும் மூளை செல்களை மனிதன் அப்படிக் கழித்துவிட்டு அதே ஆளாக இருக்க முடியாது.

ஆசிரியர்கள் வகுப்பில் லெர்னாவின் கதையைத் தாராளமாகச் சொல்லட்டும். எந்த இடத்தில் கதை நின்று விலங்கு தொடங்குகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும். செய்தி ஆசிரியர்களிடம் கேட்பது இன்னும் சிறியது: ‘சாகாவரம்’ என்று எழுதும் இடத்தில் ‘மூப்பு தெரியவில்லை’ என்று எழுதுங்கள்.